ஒரு பத்திரிகை கட்டிய வீடு

கட்டடப் பாணிகளுக்கு அரசர்களின் பெயர் வரும், ஊர்களின் பெயர் வரும். ஒரு பத்திரிகையின் பெயர் வருவது அபூர்வம். தணிந்த கூரையும் அகன்ற முன்தாழ்வாரமுமாக அமெரிக்கச் சிற்றூர்களில் இன்றும் நிற்கிற 'கிராஃப்ட்ஸ்மன்' வீடுகள் அப்படிப் பெயர் பெற்றவை. நாற்காலி மேஜை செய்து விற்ற குஸ்தாவ் ஸ்டிக்லி 1901 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய மாத இதழ் அது. முதல் இதழ் வில்லியம் மோரிஸுக்கு, இரண்டாவது ரஸ்கினுக்கு. இரண்டையும் பெரும்பாலும் எழுதியவர் ஐரீன் ஸார்ஜென்ட் என்ற கல்லூரி ஆசிரியை. வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள்.

பட்டறையை லாபத்தில் பங்கு தரும் கில்டாக ஆரம்பித்தார் ஸ்டிக்லி. சில ஆண்டுகளில் அது சாதாரணக் கம்பெனியாயிற்று. இயந்திரத்தையும் அவர் விலக்கவில்லை. இதைக் காட்டி அவரைப் போலி என்பது சுலபம். ஆனால் மோரிஸின் கைவேலைப் பொருள்களும் பணக்காரர் வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. (சாஸரை மோரிஸ் அச்சிட்ட அதே கையச்சில்தான் ஆனந்த குமாரசாமி மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலை 1908இல் அச்சிட்டார்; 425 பிரதிகள்.) ஸ்டிக்லி மேஜையை விற்றார், வீட்டு வரைபடத்தைச் சந்தாதாரருக்கு இலவசமாகக் கொடுத்தார். ஊர்த் தச்சன் அதை வைத்துக் கட்டிக்கொள்ளலாம். பாணி பரவியது இந்த வழியில்தான்.

தமக்கென்று அவர் கட்டியது நியூ ஜெர்ஸியில், மோரிஸ் ப்ளெய்ன்ஸ் பக்கத்தில். 1908 முதல் வாங்கிச் சேர்த்த நிலம் ஏறத்தாழ 650 ஏக்கர். சிறுவர்களுக்கு அங்கே ஒரு தொழிற்பள்ளி நடத்துவது எண்ணம். அதற்கான பொதுமனையாக எழும்பிய மரவீடு 1911இல் அவர் குடும்பத்தின் வீடாயிற்று. பள்ளி திறக்கவே இல்லை. கீழ்த்தளத்துச் சுவர்கள் அந்த நிலத்திலேயே வெட்டிய செஸ்ட்நட் மரத்தின் முழுத் தடிகள். நீண்ட கூடத்தின் இரு முனையிலும் செப்புக் கவிகை போட்ட கணப்புகள். சுமையைத் தாங்குகிற மரம் தாங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சைநோய் அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த மர இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது. ஒரு தடி உளுத்தால் மாற்ற அதே மரம் காட்டில் இல்லை.

1913இல் நியூயார்க் நகரில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் எடுத்தார். 1915இல் திவால். 1916 டிசம்பரோடு பத்திரிகை நின்றது; 1917இல் பண்ணை கைமாறியது. எளிமையைப் பிரசாரம் செய்தவருக்குப் பன்னிரண்டு மாடி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

1989இல் பண்ணையில் வரிசை வீடுகள் கட்ட ஏற்பாடு நடந்தபோது பார்ஸிப்பனி ஊராட்சி சட்டப்படி நிலத்தை எடுத்துக்கொண்டது. மரவீடு இப்போது அருங்காட்சியகம்.

ஸ்டிக்லி 1942இல் சிரக்யூஸில் இறந்தார், 1901 தீவிபத்துக்குப் பிறகு தாமே உள்ளமைத்த பழைய வீட்டில், மகளின் பராமரிப்பில். அந்த வீட்டுச் சாப்பாட்டு அறைப் பீரோ ஒன்றை 1988 ஏலத்தில் நடிகை பார்பரா ஸ்ட்ரைஸண்ட் 3,63,000 டாலருக்கு எடுத்தார்.