சிறார் ஆயுத வழக்குகளில் மனநிலையை மெய்ப்பித்தல்

18 வயது நிறையாத ஒருவரிடம் ஆயுதம் கைப்பற்றப்படும்போது, அது தன்னிடம் இருப்பதை அவர் அறிந்திருந்தார், அது அவரது கட்டுப்பாட்டில் இருந்தது என்பவற்றை அரசுத் தரப்பு சான்றுகளால் நிறுவுவதே மனநிலையை மெய்ப்பித்தல். சேலம் மாவட்டத்தின் ஏற்காடு, சேர்வராயன் மலை போலக் காடும் விளைநிலமும் அடுத்தடுத்துள்ள பகுதிகளில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

மலைச் சூழல்

சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களும் காப்பி, மிளகுத் தோட்டங்களும் உள்ளன. கவாத்துக் கத்தியும் கொடுவாளும் இங்கே அன்றாட வேலைக் கருவிகள். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய கருவிகளைப் படைக்கலச் சட்டம், 1959, ஆயுதமாகக் கருதுவதில்லை. ஆகவே கத்தியோடு தோட்டத்துக்குப் போகும் சிறுவன் அதனாலேயே குற்றவாளி ஆகிவிடமாட்டான்.

நாட்டுத் துப்பாக்கியின் நிலை வேறு. வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்காக வைத்திருக்கப் பிரிவு 13-இன்படி உரிமம் பெறலாம். ஆனால் 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருப்பதைப் பிரிவு 9 பொதுவாகத் தடுக்கிறது. உரிமமின்றி வைத்திருக்கும் பெரியவருக்கு, 2019 திருத்தத்துக்குப் பின் 2 முதல் 5 ஆண்டுவரை சிறை விதிக்கப்படலாம்.

உடைமையும் அறிவும்

ஆயுதம் கையில் இருந்தது என்பது மட்டும் போதாது. அறிவும் வேண்டும் என்று குன்வந்த் லால் வழக்கில் (1972) உச்ச நீதிமன்றம் கூறியது. பொருள் நேரடியாகக் கையில் இல்லாதபோது, அதன்மீது கட்டுப்பாடு இருந்ததையும் காட்ட வேண்டும். சஞ்சய் தத் வழக்கில் (1994) அரசியல் சாசன அமர்வும் உடைமை என்பது அறிந்த உடைமையே என்று உறுதிசெய்தது. ஆயினும் எதற்காக வைத்திருந்தார் என்ற நோக்கத்தை, வெறும் உடைமைக் குற்றத்தில் தனியாக மெய்ப்பிக்கத் தேவையில்லை.

பலர் கூடி வாழும் வீட்டில் துப்பாக்கி கிடைத்தால் படைக்கலச் சட்டத்தின் பிரிவு 35 பொருந்தும். அது அங்கே இருப்பதை அறிந்திருந்தார் என்று நம்பக் காரணம் உள்ளவர் மட்டுமே அதன்படி பொறுப்பாவார். தந்தையோ தாத்தாவோ பரணில் வைத்ததைச் சிறுவன் அறிந்தானா என்பதே அங்கு கேள்வி.

சிறாருக்கான அனுமானம்

18 வயதுவரை எந்தக் குழந்தைக்கும் தீய எண்ணமோ குற்ற மனமோ இல்லை என்றே கொள்ள வேண்டும் என்பது சிறார் நீதிச் சட்டம், 2015-இன் பிரிவு 3 வகுத்த அடிப்படைக் கொள்கை. இதனால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. ஆனால் பெரியவரைப் பற்றி எளிதில் செய்யும் ஊகத்தைச் சிறுவன்மீது ஏற்றக் கூடாது என்பதற்கு இதுவே ஆதாரம். மேலும், 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் செயல் குற்றமே ஆகாது.

சான்றுகள்

துப்பாக்கி யாருடையது, எங்கே இருந்தது, மருந்தும் குண்டும் உடன் இருந்தனவா, மறைக்க முயற்சி நடந்ததா என்பவை ஆராயப்படும். மகஜர் சாட்சிகளும், துப்பாக்கி சுடும் நிலையில் உள்ளதா என்று கூறும் தடய அறிவியல் அறிக்கையும் முக்கியமானவை. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. படைக்கலச் சட்டத்தின் பிரிவு 3-ஐ மீறிய குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட நடுவரின் முன் அனுமதி தேவை.

விசாரணை

பிடிபட்ட சிறாரைக் காவல் நிலைய லாக்கப்பில் அடைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்டது அக்குழுமம். பெரியவரோடு சேர்த்து ஒரே வழக்காக விசாரிப்பதைச் சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 23 தடுக்கிறது. தடைசெய்யப்பட்ட ரக ஆயுதத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு என்பதால், அது கொடுங்குற்ற வகையில் சேரும். அப்போது 16 வயது நிறைந்தவருக்கு மனமுதிர்ச்சி பற்றிய முதல்நிலை மதிப்பீடு நடக்கும்.

பெரியவர்களின் பொறுப்பு

சட்டவிரோதச் செயலுக்குக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 83-இன்படி 7 ஆண்டுவரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. எனவே முழுமையான புலன்விசாரணை, சிறுவன் கையில் இருந்த துப்பாக்கியோடு நின்றுவிடாது. அதை அவனிடம் கொடுத்தவரையும் தேடிச் செல்ல வேண்டும். அந்தத் தேடல் நடக்காத வழக்கில், பெரியவரின் குற்றத்துக்குக் குழந்தை பதில் சொல்ல நேர்கிறது.