பவளக்காரத் தெருவில் ஒரு நடை

சென்னை மண்ணடிப் பக்கம் போனா பவளக்காரத் தெரு வழியா ஒரு நடை நடந்து பாருங்க. யூதர்னு சொல்ல இன்னிக்கு அங்க யாரும் இல்லை. தெருப்பெயர் மட்டும்தான் மிச்சம்.

17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசிய வம்சாவளி யூத வணிகர்கள் லண்டனிலிருந்து இங்கே வந்தார்கள். மத்தியதரைக் கடல் பவளம் இங்கே இறங்கியது; பதிலுக்கு கோல்கொண்டா வைரம் கப்பலேறியது. வைரத்தில் கைதேர்ந்தவர்கள் என்பதால் கம்பெனிக்கும் இவர்கள் தேவைப்பட்டார்கள். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களில் 3 பேர் யூதர்கள்!

18ஆம் நூற்றாண்டில் பிரேசில் வைரம் சந்தைக்கு வந்ததும் இங்கே வியாபாரம் மங்கியது. அவர்களும் மெல்லக் கரைந்துபோனார்கள். பழைய கல்லறைக் கற்கள்கூட இடம்பெயர்ந்து, இப்போ லாயிட்ஸ் ரோட்டில் ஒரு சின்ன மயானத்தில் இருக்கின்றன.

நாளைக்கு யாராவது தெருப்பெயரை மாத்தக் கிளம்பினா, இந்தக் கதையில முக்கால்வாசி அதோடவே போயிடும்.