மறதிநோயாளரின் சமூக வாழ்வு: மதுரை வட்டாரம்

1906-இல் ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் விவரித்த மூளை விகாரம் முதலிய பல காரணங்களால் நேரும் டிமென்ஷியா என்னும் மறதிநோய், ஞாபகசக்தியோடு வழியறிதலையும் காலவுணர்வையும் படிப்படியாகக் குறைப்பது. இந்தியாவில் 60 வயது கடந்தோரில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டென்பது 2023-இல் வெளியான மதிப்பீடு. பல்லாண்டு பழகிய தொழிலும் ஆசாரமும் சங்கீதமும் பெரும்பாலும் நெடுநாள் எஞ்சுவதால், நோயுற்றவரை வீட்டுக்குள் அடைத்துவைப்பது அவருக்கு இழைக்கும் அநீதியே.

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பிரதேசங்களிலும் நோயாளர் ஊராரோடு கலந்து வாழ்வதற்கு அனுகூலமான வாழ்க்கைமுறை முன்பே உண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் ஆடி வீதியில் காலைப் பிரதட்சணம், தேநீர்க்கடைப் பேச்சு, மந்தைச் சாவடியில் சமவயதினர் சகவாசம், பூத்தொடுத்தல், நெல் தூற்றுதல் ஆகிய யாவும், பழகிய வேளையில், பழகிய பாதையில், துணையோடு நிகழுமாயின், முதியவருக்குத் தாம் இன்னும் ஊராருள் ஒருவர் என்னும் கௌரவத்தை அளிப்பவை. சட்டைப்பையில் விலாச அட்டை வைத்தல், கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டல், தவற்றைத் திருத்தி வாதாடாதிருத்தல் ஆகியன துணைசெல்வோருக்கு அவசியமானவை. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றிலிறங்கும் நாளின் ஜனநெரிசல் விலக்கத்தக்கது. தெரு மண்டகப்படித் தரிசனம் விலக்கத்தக்கதன்று.

இவ்வாதரவுக்கு அமைப்புகளும் உண்டு. கேரளத்தில் 1992-இல் இந்திய அல்சைமர் சங்கம் தோன்றியது. சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனம் மறதிநோய்ப் பராமரிப்பை நடத்துகிறது. ஜப்பான் 2005 முதல் கடைக்காரர், மாணவர், வங்கி ஊழியர் முதலிய சாமானியருக்கே மறதிநோயாளருக்கு உதவப் பயிற்சியளித்துவருகிறது. அத்தகைய பயிற்சியை மதுரையின் ஆட்டோ ஓட்டுநருக்கும் பேருந்து நடத்துநருக்கும் கோயில் பணியாளருக்கும் வார்டுதோறும் அளிக்க நகரமக்கள் முன்வரவேண்டும்.