உடம்புக்கு ஒரு கடவுச்சீட்டு

பயணிக்குக் கடவுச்சீட்டு கட்டாயமாகும் முன்பே அவருடைய உடம்புக்கு ஒரு சீட்டு வந்துவிட்டது. கொள்ளைநோய்க் காலத்து இத்தாலிய நகரங்களில், 'இவர் நோயில்லாத ஊரிலிருந்து வருகிறார்' என்று எழுதிய தாளைக் காட்டினால்தான் கோட்டை வாசலில் விடுவார்கள். அந்தத் தாள் பல வேடம் மாறி, பாக்கு நீரிணையைக் கடந்து, புங்குடுதீவின் மேற்கு முனையில் இருக்கும் குறிகட்டுவான் இறங்குதுறை வரை வந்த கதை இது.

இலங்கையில் அதற்குச் சட்டபலம் வாங்கிக்கொடுத்தது பம்பாயில் வந்த பிளேக். 1896இல் அங்கே நோய் வெடித்தது. மறு ஆண்டே இங்கே தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம்தானே, அது எங்கேயோ செல்லரித்துக் கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2020 ஒக்ரோபர் 15ஆம் திகதி வர்த்தமானி வந்தபோது, முகக்கவசம் இல்லாமல் வெளியில் போனால் 10,000 ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை மறியல் என்று சொன்ன ஒழுங்குவிதிகள் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வந்தன.

தாள் உண்மையில் ஆளானது யாழ்ப்பாணத்திலும் அல்ல, கொழும்பிலும் அல்ல, அக்கரையில், மண்டபத்தில். அதற்கு முன் தோட்டத்துக்குப் போன தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதி அவர்களோடு கூடவே நடந்தது. வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் முகாம் நடத்தியது. ஒரு நாடு தன் எல்லைக் கதவை இன்னொரு நாட்டின் மண்ணில் கொண்டுபோய் நாட்டியதைப் போன்ற வேலை. உள்ளே போனவரைக் குளிக்க வைத்தார்கள், உடுபுடவையை நீராவியில் போட்டார்கள், அம்மை குத்தினார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள், சில நாள் தங்கவைத்து, வருத்தம் எதுவும் தெரியாவிட்டால் கப்பலேற விட்டார்கள். மேல்வகுப்புப் பெட்டியில் வந்தவருக்கு இந்த முகாம் வாசம் கிடையாது. வைத்தியர் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பிளேக் எலி ரயிலில் வகுப்புப் பார்த்து ஏறும் என்று நினைத்தார்கள் போலும்!

 

ரயிலும் கப்பலும் அந்தப் பக்கம் ஓட, ஊர்காவற்றுறை பாய்க்கப்பல்களின் துறையாக இருந்தது. நோய்ச் சந்தேகம் தீராத கப்பல் மஞ்சள் கொடி ஏற்றி வெளியே நிற்கவேண்டும், அனுமதி கிடைக்கும் வரை யாரும் இறங்கக்கூடாது என்பது உலகத் துறைகளின் வழக்கு. ஆனால் இந்தக் கடலில் இரவில் கரையேறும் சின்ன வள்ளம் எந்தக் காலத்திலும் கொடி ஏற்றியதில்லை. 2020இலும் அதே நிலைதான். மஞ்சள் இறக்குமதியை அரசு தடுத்து வைத்திருந்த காலம். கிருமிக்கு மஞ்சள் நல்லது என்று ஊரே வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்த காலமும் அதுதான். இந்தியக் கரையிலிருந்து மூட்டை மூட்டையாக மஞ்சள் கடத்தி வந்தார்கள், கடற்படை பிடித்தது. கிருமியைக் கொல்ல வந்த சரக்கே கிருமியைக் கொண்டுவந்துவிடுமோ என்று பயந்த விசித்திரத்தை இந்தக் கடற்கரை பார்த்தது.

நடுவில் தாள் ஒரு சிறிய மஞ்சள் புத்தகமாகவும் வாழ்ந்தது. 1951இல் உலக சுகாதார நிறுவனம் விதிகளை ஒன்றாக்கிய பின், பெரியம்மை, வாந்திபேதி, மஞ்சள் காய்ச்சல் மூன்றுக்கும் ஊசி போட்ட சான்று அதில் இருக்கும். 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்ததோடு அந்தப் பக்கம் வெறுமையாயிற்று. மூன்றில் மஞ்சள் காய்ச்சலுக்கான பக்கம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பிறகு கொவிட். 2020 மார்ச் 19ஆம் திகதி இலங்கை விமான நிலையங்கள் வருகைப் பயணிகளுக்கு மூடின. முந்தைய நவம்பரில்தான் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானம் வரத் தொடங்கியிருந்தது, அதுவும் நின்றது. 2021 ஜனவரி 21ஆம் திகதி நாடு திறந்தபோது தாள் பெருத்துப் போயிருந்தது: புறப்படுமுன் எடுத்த பிசிஆர் முடிவு, இங்கே எடுக்கப்போகும் பிசிஆருக்கு முன்பணம், காப்புறுதி, சான்று பெற்ற ஹோட்டலில் அறை. முதல் 14 நாள் 'குமிழி'க்குள் இருக்கவேண்டும். அனுமதித்த இடங்களை மட்டும் பார்க்கலாம். பஸ், ரயில் என்று பொதுப் போக்குவரத்தில் ஏறக்கூடாது.

இந்தக் கடைசி விதியைக் கொழும்பில் எழுதியவர் குறிகட்டுவானை நினைத்திருக்கமாட்டார். அங்கிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல். படகில் வாங்குகளில் முழங்காலோடு முழங்கால் முட்ட இருப்பார்கள். இடையில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பள்ளிக்கூட ஆசிரியர், பனங்கிழங்குக் கட்டு. அங்கே ஒரு மீற்றர் இடைவெளி என்பது பகிடி. தீவாருக்கு அதுதான் பஸ், அதுதான் அம்புலன்ஸ். நோய் முற்றினால் நெடுந்தீவு வைத்தியசாலையிலிருந்து யாழ்ப்பாணம் வரக் கடல்தான் வழி. ஆகவே யாரும் பெயர் சொல்லித் தடுக்காமலே நெடுந்தீவும் நயினாதீவும் சுற்றுலாப் பயணிக்கு அடைபட்டன. அந்தக் கதவு அடைபட்டதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தீவாரின் பயம் நியாயமானது. மனத்தாங்கல் வேறு இடத்தில்.

தீவகத்துக்கு வருகிற வெளிநாட்டவர் பெரும்பாலும் வெள்ளைக்காரர் அல்லர். கனடா, பிரான்ஸ், சுவிஸ் கடவுச்சீட்டோடு கோயில் திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும் வருகிற ஊரவர்கள். விசா அவரைச் சுற்றுலாப் பயணி என்கிறது. ஊர் அவரை இன்னாரின் மூத்த மகன் என்கிறது. தகப்பன் செத்த செய்தி கேட்டுப் பிசிஆர் எடுத்து, விமானம் பிடித்து, 14 நாள் அடைபட்டுக் கிடந்து வீட்டுக்கு வருவதற்குள் எட்டுச் செலவு முடிந்துவிடும். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வேண்டுமானால் போய்ச் சேரலாம். ஹோட்டல் அறையையும் நீச்சல் குளத்தையும் மனதில் வைத்து எழுதிய தாளில் இந்தக் கணக்குக்கு ஒரு கட்டமும் இல்லை.

உள்ளூர்க்காரருக்கும் கதவு அடைபட்டது. 2020 ஒக்ரோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வெடித்தபோது, அங்கிருந்து ஊர் திரும்பிய ஒருவருக்குத் தொற்று உறுதியாகிப் புங்குடுதீவு முடக்கப்பட்டது. வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். வேலணையிலிருந்து கடலுக்குக் குறுக்கே ஒரு தாம்போதி. அதைத் தாண்டினால் புங்குடுதீவு. அதன் விளிம்பில் குறிகட்டுவான். ஒரு தீவின் படலையைச் சாத்தினால் பின்னால் இருக்கும் இரண்டு தீவுகளின் வாசலும் சேர்ந்தே அடைபடும். 2021இல் அரச வெசாக் விழாவுக்கு நயினாதீவு விகாரையைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். மே மாதத்தில் நாடெங்கும் பயணத்தடை வந்தது. தெற்கிலிருந்து வரும் பஸ்கள் வரவில்லை. அதே தீவின் நாகபூசணி அம்மன் திருவிழாவும் வழமையான சனக்கூட்டத்தைக் காணவில்லை.

இந்தக் கடலில் தாளே வேண்டாம் என்று எழுதிவைத்த இடமும் ஒன்று உண்டு. நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ் வரும் கச்சதீவு. 285 ஏக்கர், குடிதண்ணீர் இல்லை, குடியிருப்பும் இல்லை, அந்தோனியார் கோயில் மட்டும். 1974 உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, அங்கு வரும் இந்திய மீனவரிடமும் யாத்திரிகரிடமும் இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்கிறது. கிருமியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. 2020 மார்ச் 6, 7ஆம் திகதிகளில் திருவிழா நடந்தேறியது; சில நாளில் இலங்கையின் முதல் உள்ளூர்த் தொற்றாளர் அடையாளம் காணப்பட்டார். 2021இல் பக்தர்கள் இல்லை. 2022 மார்ச்சில் இரு கரையிலிருந்தும் எண்ணி எடுத்த சிறு குழுக்கள் மட்டும். விசா கேட்காத தீவு தலைக்கணக்குக் கேட்டது. இராமேசுவரத்தில் யார் படகேறுவது, யார் நிற்பது என்று தீர்மானிக்க அந்தோனியாரால் முடியவில்லை, அதிகாரிகள் தீர்மானித்தார்கள்.

2022 டிசம்பர் 12ஆம் திகதி சென்னை விமானம் மறுபடி பலாலியில் இறங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் கொவிட் தாள் கேட்பதும் நின்றது. 2023 மார்ச்சில் கச்சதீவில் இரு நாட்டாரும் பழையபடி ஆயிரக்கணக்கில் கூடினார்கள்.