நிலமற்றோரின் கூத்து: கண்டித் தோட்டங்களில் காமன்

மாசி மாத வளர்பிறை தொடங்கியதும் கண்டியைச் சூழ்ந்த தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பகுதித் தோட்டங்களில் காமன் கூத்துக்காகக் ‘காமன் ஊன்றும்’ பேச்சு எழுகிறது. கோயிலுக்கு அருகிலோ லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவிலோ உள்ள காமன் பொட்டலில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டுவதே தொடக்கம். மன்மதனாகவும் ரதியாகவும் வேடம் ஏற்போர் அன்று முதல் நோன்பிருப்பர். பின்வரும் இரவுகளில் ரதி மன்மதன் திருமணம் நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கச் சொல்லித் தூதன் ஓலை கொண்டுவருவான். தீக்கனவு கண்ட ரதி கணவனைத் தடுப்பாள். பௌர்ணமியையொட்டிக் காமன் எரிக்கப்படுகிறான். ரதியின் ஒப்பாரிக்குப் பிறகு அவன் மீண்டும் எழுப்பப்படுகிறான். வீரபத்திரனும் எமனும் குறவன் குறத்தியும் இடையிடையே வந்து போவர். தப்பு என்ற பறை இல்லாமல் ஆட்டம் ஓர் அடிகூட நகராது. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுவது வழக்கம்.

தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களில் வழங்கிய இந்தச் சடங்கு கோப்பிக் காலத்தில் கடல் கடந்தது. 1820களில் கம்பளைக்கு அருகே தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு ஆட்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்தே வந்தனர். கோப்பி நோயால் அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு அறுவடைப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. ஆண்டுதோறும் ஒரே பொட்டலில் காமன் ஊன்றுவது அதன் பிறகே இயல்பாகியிருக்க வேண்டும்.

இதே மலைகளில் வேறொரு மரபு முற்றிலும் மாறான அடித்தளத்தில் நின்றது. கண்டி எசல பெரஹெராவில் மேளம் அடிப்போரும் ஆடுவோரும் தலதா மாளிகைக்கோ நான்கு தேவாலயங்களில் ஒன்றுக்கோ உரிய ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் குடும்பங்கள் அந்தக் கோயில் நிலத்தை அனுபவித்தன; அதற்கு ஈடாக ஊழியம் செய்தன.  1870ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியத்தைப் பணமாகச் செலுத்த இடமளித்த பிறகும் இந்தப் பிணைப்பு முற்றாக அறுந்துவிடவில்லை. கண்டி நடனம் பரம்பரையாகக் கைமாறியதற்குக் கலையார்வத்தோடு காணியும் காரணம்.

தோட்டத் தொழிலாளருக்குக் காணி இல்லை. ஆடிய பொட்டலும் படுத்த லயமும் தோட்டத்துடையவை. இரவெல்லாம் ஆடியவர் விடியற்காலையில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போயாக வேண்டும். ஆள்திரட்டி மேற்பார்த்த பெரிய கங்காணிகள் செலவைத் தாங்கியதும் தோட்டத் துரைமார் அனுமதி தந்ததும் உண்மைதான். ஆனால் கூத்தை உண்மையில் தாங்கியது வீட்டுக்கு வீடு திரட்டிய வரியும் நோன்பு என்ற கட்டாயமும்தான். காப்புக் கட்டியவர் நடுவில் விலகினால் குற்றம் என்ற நம்பிக்கை, காணி செய்த வேலையை இங்கே செய்தது.

பெரிய முறிவு அரசியலால் வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. ஒரு தோட்டத்தில் ரதி வேடக்காரர் கப்பலேறினால் வேறொருவரைப் பழக்கலாம். பாட்டு முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த கூத்து மாஸ்டர் போய்விட்டால் கூத்தே குறைப்பட்டது. 1977, 1983 வன்முறைகள் மேலும் பலரை இடம்பெயர்த்தன.

1960களில் கண்டிக்கு அருகே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கூத்து புத்துயிர் பெற்றுக்கொண்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். ‘இராவணேசன்’ முதலியவை தொடர்ந்தன. அவர் எடுத்தாண்டது மட்டக்களப்பு மரபு. பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த தோட்டங்களின் காமனுக்கு அந்த மேடையில் அதே இடம் கிடைக்கவில்லை. மலையகத்தின் வாய்மொழி வளத்தைத் திரட்டியவர்கள் பெரும்பாலும் மலையகத்தவரே. சி.வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளைப் பதிவுசெய்தார். 2007இல் கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவனம் கம்பளைக்கு அப்பால் ரம்பொடைப் பகுதியில் பழைய லயம் ஒன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது.

இன்று செலவைக் கோயில் கமிட்டியும் இளைஞர் மன்றமும் ஏற்கின்றன. நாள்கணக்கில் நீளும் ஆட்டம் பல இடங்களில் ஓரிரு இரவுகளாகவும், கலைவிழா மேடையில் அரை மணி நேரமாகவும் சுருங்கிவிட்டது. மேடை வடிவம் ஆட்ட முறையைக் காக்கிறது, நோன்பைக் காப்பதில்லை. அதனால் அதைக் கூத்தின் மறுபிறவி என்பது மிகை. கொழும்பில் வேலைசெய்யும் பிள்ளைகள் நாள்கணக்கில் விடுப்பெடுத்து வந்து காப்புக் கட்டுவது எளிதல்ல. தப்பைச் சாதி அடையாளமாகக் கண்டு, அடிக்க மறுக்கும் இளைஞர்களும் உண்டு. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதே தப்பை உரிமைக் குரலாகக் கருதிப் போராட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் எடுத்துச் செல்வோரும் அவர்கள் வயதினரே. காமன் பொட்டலும் லயமும் இன்றும் பெரும்பாலும் தோட்டத்தின் கையிலேயே இருக்கின்றன.