என்பு முந்தியதா, கசியிழையம் முந்தியதா?

முள்ளந்தண்டு விலங்குகளின் வன்கூடு எவ்வாறு தோன்றிற்று என்னும் வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் உயிரியலாளர் பலருக்கு ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. கருவில் முதலிற் கசியிழையம் உருவாகின்றது. பின்னரே உடலின் பல இடங்களில் என்பு அதன் இடத்தைப் பெறுகின்றது. சுறாவுக்கோ வாழ்நாள் முழுவதும் கசியிழையமே வன்கூடு. கருவின் வளர்ச்சி குலத்தின் வரலாற்றைச் சுருக்கித் திரும்பக் கூறுகின்றதென 1866 இல் ஹெக்கல் முன்வைத்த கோட்பாட்டை இவற்றோடு இணைத்தவர்கள், சுறாவே ஆதிநிலைக்கு அண்மையது எனவும், என்பு பிற்காலத்து ஆக்கம் எனவும் முடிவுகட்டினர். உயிரோடுள்ளவற்றை ஏணிப்படிகளாக அடுக்கி, அவ்வடுக்கையே வரலாறென மயங்கிய முடிவு இது.

கற்கள் வேறு கதை கூறின. 1892 இல் வோல்கொற் என்பார் கொலராடோவின் ஹார்டிங் மணற்கல்லிலிருந்து ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகள் பழைமையான மீன்களின் கவசத் துண்டுகளை விவரித்தார். 1927 இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்ரென்சியோ, ஸ்பிற்ஸ்பேர்கன் தீவின் தாடையற்ற மீன்களை ஆராய்ந்து ஒரு பெருநூல் வெளியிட்டார். உயிர்ச்சுவட்டைப் படைபடையாகத் தேய்த்து, ஒவ்வொரு படையையும் வரைந்து, மெழுகினால் மீளக் கட்டியெழுப்பும் முறையை அவர் கையாண்டார். தேய்த்த கல் மீண்டும் கிடையாது. ஆவணத்தை அழித்தே அதனைப் படிக்கவேண்டியிருந்த அவல நிலை அது. எனினும், தாடையே தோன்றாத அவ்விலங்குகள் தலையில் என்புக் கவசம் பூண்டிருந்தன என்பது ஐயத்துக்கு இடமின்றிப் புலனாயிற்று.

1942 இல் அமெரிக்கரான ரோமர் பழைய வாதத்தைத் தலைகீழாக்கினார். என்பு தன் மேற்பரப்பிற் புதுப்படை சேர்த்தே வளரும். கசியிழையமோ உள்ளிருந்தும் விரியவல்லது. விரைந்து வளரும் கருவுக்கு அதுவே ஏற்றது. ஆகவே கருவிற் கசியிழையம் முந்துவது வளர்ச்சித் தேவையேயன்றி முன்னோரின் நினைவன்று என அவர் வாதித்தார். இவ்வாதத்தின் அழகு இன்றும் குன்றவில்லை. ஆயினும் என்பே இல்லாத லம்பிரேயை அவர் வழியில் நோக்குவோர், அது என்பை இழந்ததெனக் கொள்ளவேண்டியிருந்தது.

இவ்வழக்கிற் புதிய சாட்சியாக வந்தது பரம்பரையலகு. 1970 இல் சுசுமு ஓனோ, கூர்ப்பின் பெரும் புதுமைகளுக்குப் பரம்பரையலகுகள் இரட்டிப்பதே வழிவகுத்ததென ஒரு நூலில் விளக்கினார். ஒரு பிரதி பழைய தொழிலைச் செய்துகொண்டிருக்க, மற்றது கட்டுப்பாடின்றி மாறிப் புதுத்தொழில் பெறலாம். இதற்குச் சிறந்த உதாரணம் என்பிலும் பல்லிலுமே கிடைத்தது. 2003 இல் கவாசாக்கியும் வைஸும், பல்லின் மிளிரி, பல்லின் உட்பகுதியான டென்ரீன், என்பு ஆகியவற்றின் புரதங்கள் பலவற்றைக் குறிக்கும் பரம்பரையலகுகள் ஒரே குடும்பத்தின எனக் காட்டினர். மனிதரில் அவற்றுட் பல நான்காம் நிறமூர்த்தத்தில் அருகருகே அமைந்துள்ளன. பாலிலுள்ள கேசின் புரதங்களும் இதே குடும்பத்தவை. கல்சியத்தைப் பிணைக்கும் தொழில் பல்லுக்கும் தாய்ப்பாலுக்கும் பொதுவாதலின், இவ்வுறவு வியப்புக்குரியதாயினும் பொருத்தமற்றதன்று.

2006 இல் லம்பிரேயின் கசியிழையத்திலும், நம் கசியிழையத்துக்குரிய இரண்டாம் வகைக் கொலாஜின் புரதத்தின் பரம்பரையலகு தொழிற்படுவது கண்டறியப்பட்டது. எனவே உள்ளே கசியிழையம், வெளியே தோலிற் கனியுப்பேறிய கவசம் என இரு வன்கூடுகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டெனக் கொள்வதே தகும். எது முந்தியது என்ற வினாவே ஓரளவு பிழையாகக் கேட்கப்பட்டதெனலாம்.

வரலாறு பயில்வோர் சற்று நின்று நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. 2014 இல் யானைச்சுறா என வழங்கும் கசியிழைய மீனின் முழுப் பரம்பரையலகுத் தொகுதி வெளியிடப்பட்டது. மேற்கூறிய குடும்பம் அதிற் காணப்படவில்லை. சுறாக் குலம் என்பாக்கத்தை ஒருபோதும் அறிந்திராமைக்கு இது சான்றெனப் பலருக்குத் தோன்றிற்று. ஆனால் 2020 இல் மொங்கோலியாவிலிருந்து விவரிக்கப்பட்ட பழைய தாடையுள்ள மீனொன்றின் மண்டையோட்டில், உள்ளிருந்து உருவாகும் என்பு தென்பட்டது. சுறாக்களின் முன்னோர் அதனைப் பெற்றிருந்து பின்னர் இழந்திருக்கலாம். 2022 இல் வேறு சில சுறா இனங்களில் அக்குடும்பத்துப் பரம்பரையலகுகளும் கண்டெடுக்கப்பட்டன. ஒரு கல்வெட்டு ஓர் அரசனைப் பற்றி மௌனமாயிருப்பதால் அவன் ஆளவில்லை என்று எழுதுவோமா?

கல்லும் ஏமாற்றவல்லது. 1856 இற் பாண்டர் மீன்பற்கள் எனக் கருதிப் பெயரிட்ட கொனொடொன்ற்றுகளின் மிளிரி போன்ற இழையம், நம் மிளிரியோடு உறவின்றித் தனியே தோன்றியதென 2013 இல் எக்சுக் கதிர் ஆய்வு காட்டிற்று. டென்ரீன் கொண்ட மிகத் தொன்மையான மீனெனப் போற்றப்பட்ட அனற்றோலெப்பிஸ், மீனே அன்று, கணுக்காலி என 2025 இல் அறியவந்தது. அதன் ஓட்டிலுள்ள புலனுறுப்புத் துளைகளே டென்ரீன் குழாய்கள் போலத் தோன்றியிருந்தன. அதே ஆய்வு, ஹார்டிங் மணற்கல்லின் எரிப்ரிக்கியசு என்னும் மீனின் கவசத்திலிருந்த டென்ரீனும் சுற்றுச்சூழலை உணரும் உறுப்பாய் இருந்திருக்கலாம் எனக் கருதுகின்றது. குளிர்ந்த நீர் பட்டவுடன் நம் பல் கூசுவது, மெல்லுவதற்குப் பல் தோன்றுமுன்னரே தோலில் இருந்த அவ்வுணர்வின் எச்சமாகலாம்.