சாண்ட்ஹில்ஸ்: நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் புல்வெளி

சாண்ட்ஹில்ஸ், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கும் புல்வெளி. மாநிலத்தின் பரப்பில் கால் பங்குக்கும் சற்று அதிகம். மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பெரிய மணற்குன்றுத் தொகுதி இது. சில குன்றுகள் 120 மீட்டர் உயரம் கொண்டவை. 1984இல் தேசிய இயற்கை அடையாளமாக அறிவிக்கப்பட்டது.

மேலே மெல்லிய மண், அடியில் முழுக்க மணல். அந்த மணலைப் பிடித்து நிறுத்தியிருப்பது புல்லின் வேர்தான். மாடுகள் ஓயாமல் நடக்கும் தடத்தில் புல் தேய்ந்து கொஞ்சம் மணல் வெளியே தெரிந்தால் போதும், காற்று குடையத் தொடங்கிவிடும். அப்படி உண்டாகும் குழிகளை 'புளோஅவுட்' என்பார்கள். பண்ணைக்காரர்கள் பழைய டயர்களையும் வைக்கோலையும் போட்டு அவற்றை ஆற்றப் பார்ப்பார்கள். அந்த வெற்று மணலையே நம்பி வாழும் பென்ஸ்டெமன் இனச் செடி ஒன்று, குழிகள் மூடிக்கொண்டதால் அருகிப்போய், 1987 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளது.

மழைநீர் ஓடாமல் மணலுக்குள் இறங்கி, ஒகலாலா நிலத்தடி நீர்த்தேக்கத்தை அடைகிறது. பள்ளத்தாக்குகளில் அதே நீர் ஏரிகளாக வெளிப்படுகிறது. லூப், கலாமஸ் போன்ற ஆறுகளை ஊற்றாகப் பெருகி வற்றாமல் ஓடச் செய்கிறது.

மக்கள் இங்கே மிகக் குறைவு. லகோட்டா, பாவ்னி மக்கள் வேட்டையாடிய இந்நிலத்தில், 1904ஆம் ஆண்டின் கின்கெய்டு சட்டம் குடியேறியவர்களுக்கு 640 ஏக்கர் வரை வழங்கியது. உழுத இடமெல்லாம் மணல் பறந்தது. பலர் விற்றுவிட்டுப் போனார்கள். நிலம் பெரிய மாட்டுப் பண்ணைகளில் சேர்ந்தது. கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரிய செர்ரி கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 5,455 பேர். ஆர்தர் கவுன்டியில் 434 பேர் மட்டுமே. மரம் அரிதான ஆர்தர் ஊரில் 1928இல் வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவரெழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

வற்றாத ஆறுகளே பொழுதுபோக்குக்கும் ஆதாரம். 1991இல் தேசிய எழில் ஆறாக அறிவிக்கப்பட்ட நையோப்ராரா, வாலன்டைன் ஊருக்குக் கிழக்கே படகோட்டிகளை ஈர்க்கிறது. வழியில் சுமார் 19 மீட்டர் உயரமுள்ள ஸ்மித் அருவி. இங்குள்ளவர்களுக்கே உரிய வழக்கம் ஒன்றும் உண்டு. மாடுகள் தண்ணீர் குடிக்கும் வட்டத் தகரத் தொட்டியை ஆற்றில் இறக்கி, உள்ளே பெஞ்சு போட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து மிதப்பார்கள். முன்பக்கம் பின்பக்கம் இல்லாத தொட்டி, மெல்லச் சுழன்றபடியே போகும். துடுப்புக்குப் பெரிய வேலையில்லை, எதிரே வரும் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஊர் வெளிச்சம் எட்டாத மெரிட் நீர்த்தேக்கத்தில் 1994 முதல் கோடைதோறும் வானியல் ஆர்வலர்கள் கூடுகிறார்கள். வசந்த காலத்து விடியலில் புல்வெளிக் கோழிச் சேவல்கள் கழுத்துப் பைகளை ஊதிக் காலால் மண்ணைத் தட்டி ஆடும்.

நிலம் பெரும்பாலும் தனியாருடையது. சாலையை விட்டு இறங்குமுன் பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டும். வேலிக்கதவை எப்படிக் கண்டோமோ அப்படியே விட்டுப் போக வேண்டும்.